இருசக்கர வாகனத்தில் இண்டிகேட்டர் எரியவில்லையா? பழுதைத் தேடும் முறை

இண்டிகேட்டர் நின்றுபோனால் பலரும் முதலில், விளக்கை விட்டுவிட்டு மின்னவைக்கும் பிளாஷர் என்ற சிறு கருவியைத்தான் மாற்றுகிறார்கள். என் பழைய வண்டிக்கு நானும் இரண்டு பிளாஷர்கள் வாங்கிய பிறகுதான், பின் மட்கார்டில் எர்த் வயரை (மின்னோட்டம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் வழி) பிடித்திருந்த திருகு துருவேறியிருந்ததைக் கண்டேன். ஆகவே, எதையும் கழற்றுவதற்கு முன் சாவியைப் போட்டு, இருபுறமும் முன்னும் பின்னும் எந்த பல்பு எரிகிறது என்று நிதானமாகப் பாருங்கள்.

நான்கும் எரியாவிட்டால் பேட்டரி, பியூஸ், பிளாஷர், ஸ்விட்ச்சுக்கு வரும் பொது வயர் ஆகியவற்றில் தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால், ஹேண்டில்பார் ஸ்விட்ச்சின் உள்ளே அந்தப் பக்கத்துத் தொடுமுனையையோ அங்கிருந்து செல்லும் வயரையோ பாருங்கள். ஒரே பல்பு மட்டும் எரியவில்லையென்றால், குறை பெரும்பாலும் அந்த பல்பிலோ ஹோல்டரிலோ எர்த்திலோதான் இருக்கும். வழக்கத்தைவிட வேகமாக மின்னினால் ஒரு பல்பு போயிருக்கலாம், அல்லது குறைந்த வாட் எல்இடி பொருத்தப்பட்டிருக்கலாம். பழைய வகை பிளாஷர்களிலோ ஒரு பல்பு போனால் மற்றது மின்னாமல் நிலையாக எரிவதும் உண்டு.

சாவியை அணைத்துவிட்டு பியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். அதற்குப் பதிலாக வயரைச் சுற்றி வைப்பது வண்டியே தீப்பிடிக்க வழிவகுக்கும். பியூஸ் நன்றாக இருந்தால், இரண்டு முனை பிளாஷரைக் கழற்றி, அதற்கு வரும் இரு வயர்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியைப் போட்டு ஸ்விட்ச்சை ஒரு பக்கம் தள்ளுங்கள். பல்புகள் மின்னாமல் நிலையாக எரிந்தால் பழுது பிளாஷரில்தான். மூன்று முனை பிளாஷரில் ஒரு முனை எர்த் ஆக இருக்கலாம் என்பதால், வயர் வரைபடம் பார்க்காமல் இப்படி இணைக்காதீர்கள்.

எர்த் சோதனையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பல்பைக் கழற்றிவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால், அரித்துப்போன இணைப்பின் வழியாகவும் 12 வோல்ட் காட்டும். ஏனெனில் மீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கிறது. 10 வாட் பல்புகள் இரண்டு எரியும்போதோ சுமார் 1.7 ஆம்பியர் ஓட வேண்டும். அப்போதுதான் இணைப்பின் பலவீனம் வெளிப்படும். எனவே பல்பு எரியும் நிலையிலேயே மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த் பகுதியிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். மின்னும் பல்பில் அளவு குதித்துக்கொண்டே இருக்கும் என்பதால், மேலே சொன்னபடி பிளாஷரைத் தாண்டி இணைத்துக்கொண்டு அளப்பது நல்லது. அளவு பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்குங்கள். பிரேக் பிடிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக ஒளிர்ந்தால், பின்புற எர்த் கெட்டிருப்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

வேலை முடிந்தபின் பிளாஷரை மீண்டும் பொருத்தி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்ன வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, எந்தப் பக்கத்திலும் விளக்கு நின்றுபோகவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.