‘ஓம் சேர்’ என்றால் விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை: சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி நடத்தப் போகும் புதியவர்களுக்கு

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் சேர்ந்த புதிதில், சூப்பர்வைசர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி ஒழுங்கு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. காலி வீதியில் ஒரு ஹோட்டல் மண்டபம், ஆங்கிலத்தில் சிலைடுகள், மத்தியானம் புஃபே. பின்னேரம் படிவம் கொடுத்தேன். பன்னிரண்டு பேரும் ‘மிக நன்று’ என்று போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஸ்டோர்ஸுக்குப் போனால் அதே கத்தல், அதே ஏச்சு.

டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கர் 1959இலேயே பயிற்சியை அளக்க நான்கு மட்டங்கள் சொல்லியிருந்தார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. நான் முதலாவதோடு நின்றுவிட்டேன். புஃபே நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை செய்ததைத்தான் கீழே எழுதுகிறேன். பெரிய செலவில்லை.

படி 1: மண்டபம் பிடிக்க முன், கீழே வேலை செய்பவர்களிடம் போங்கள்

“உங்கட சூப்பர்வைசர் எப்படி?” என்று கேட்காதீர்கள். “நல்லவர் சேர்” என்பதுதான் பதில். வேறு என்ன சொல்வார்கள்? இப்படிக் கேளுங்கள்: “கடைசியா எந்த வேலைய ரெண்டாந்தரம் செய்ய வேண்டி வந்தது? அன்றைக்கு உங்களுக்கு என்ன சொன்னவை?”

ஒவ்வொருவராக, ஓஃபிஸுக்கு வெளியே, ஒரு பிளேன்டீயோடு கேளுங்கள். அவர் முன்னால் குறிப்பு எடுக்க வேண்டாம். அவருடைய மொழியில் பேசுங்கள். சிங்களம் தடுமாறினால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் அந்த ஆளின் மேலாளரை அல்ல. யார் சொன்னது என்பது உங்களோடு இருக்கட்டும். ஒரு பெயர் வெளியே போனால் அடுத்த முறை எல்லோரும் ‘நல்லவர் சேர்’தான்.

எட்டுப் பேரிடம் கேட்டதில் எனக்குக் கிடைத்த ஒன்று. ஹட்டன் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பி. சூப்பர்வைசர் சிங்களத்தில் “பரண ஸ்டொக்” (பழைய ஸ்டொக்) முதலில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். அவர் நினைத்தது, முந்தி வந்த பெட்டிகள் முந்திப் போக வேண்டும் என்பது. தம்பிக்கோ ‘பழைய சாமான்’ என்றால் கடைகளிலிருந்து திரும்பி வந்து மூலையில் கிடந்த பிஸ்கட் பெட்டிகள். நீர்கொழும்பு லொறியில் அவற்றை அழகாக அடுக்கி அனுப்பிவிட்டார். “விளங்கிச்சா?” என்று கேட்டபோது “ஹரி சேர்” (சரி சேர்) என்றாராம். பொய் சொல்லவில்லை, அவருக்கு விளங்கியது அதுதான்.

படி 2: ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்

சேகரித்த கதைகளைப் பார்த்தால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். எங்களுக்கு அது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பத்து நிமிடம். தலைமைத்துவத்தின் பத்துக் குணங்கள் போன்றவற்றை விட்டுவிடுங்கள்.

படி 3: திருப்பிச் சொல்ல வைக்கும் பழக்கம்

பயிற்சியின் உயிர் இதுதான். கட்டுநாயக்கவில் இறங்கும் விமானிகூட, கட்டுப்பாட்டுக் கோபுரம் கொடுக்கும் அனுமதியை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்; பிழையாகச் சொன்னால் உடனே திருத்துவார்கள். ஸ்டோர்ஸிலும் அதையே செய்யலாம். கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு” என்றால் பள்ளிக்கூடம் மாதிரி. ஆளுக்கு முகம் சுருங்கிவிடும். பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்:

“நான் சரியாச் சொன்னேனோ தெரியாது. இப்ப எதை முதல்ல ஏத்தப் போறீங்க?”

இதை வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் போதாது, நடித்துப் பார்க்க வேண்டும். இருவர் இருவராக நிற்க வைத்து, படி 1இல் கிடைத்த கதைகளைப் பெயர் மாற்றிக் கொடுங்கள். ஒருவர் சூப்பர்வைசர், மற்றவர் வேண்டுமென்றே பிழையாக விளங்கிக்கொள்பவர். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பாகப் போகும். விடுங்கள். அப்புறம் இடத்தை மாற்றுங்கள். ‘ஹரி சேர்’ சொல்லும் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது ஏன் வாயில் வருகிறது என்று தெரியும்.

ஒருநாள் முழுக்க வேண்டாம். வாரம் ஒரு மணித்தியாலம், நான்கு வாரம், ஸ்டோர்ஸிலேயே. வெள்ளி மத்தியானம் ஜும்ஆ நேரம், அதைத் தவிருங்கள். போயா விடுமுறையையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். கிம்புலா பணிஸ் வாங்கி வைத்தால் நேரத்துக்கு வருவார்கள்.

படி 4: கூப்பிடும் விதம்

நீ, நீர், நீங்கள். யாழ்ப்பாணத்து ஆளுக்கு ‘நீர்’ சாதாரணம். மலையகத்துப் பிள்ளைக்கு அது ஏதோ தள்ளி வைத்துப் பேசுவது போல் கேட்கும். சிங்களத்தில் ‘தமுசே’ என்றால் சண்டைதான். என் ஆலோசனை, வேலைத்தளத்தில் எல்லோருக்கும் ‘நீங்கள்’, வயதைப் பார்த்து அண்ணன், அக்கா, தம்பி. சிலர் “அப்ப ஒழுக்கம் கெட்டுப் போகும்” என்பார்கள். எங்கள் ஸ்டோர்ஸில் கெடவில்லை.

படி 5: லீவுப் பேச்சு

லீவு கேட்டு வருபவரிடம் “ஏலாது” என்று சொல்லும் முன், சட்டம் என்ன சொல்கிறது என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, இரண்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய (கஷுவல்) லீவும் உண்டு. இதை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் அடித்துச் சுவரில் ஒட்டுங்கள். பாதிச் சண்டை குறையும்.

படி 6: முப்பது நாள் கழித்துப் போய் நில்லுங்கள்

படிவம் வேண்டாம். காலை எட்டரைக்கு லொறி பக்கத்தில், கையில் கொப்பியோடு. கொடுத்த கட்டளை எத்தனை, திருப்பிக் கேட்டது எத்தனை என்று கோடு போடுங்கள். பிழையாகப் போன பெட்டிகளின் கணக்கு ஸ்டோர்ஸ் கிளார்க்கிடம் இருக்கும். பயிற்சிக்கு முந்திய மாதத்தோடு ஒப்பிடுங்கள். கேர்க்பற்றிக்கின் மூன்றாவது, நான்காவது மட்டங்கள் இவைதான்.

எங்கள் இடத்தில் முதல் வாரம் நன்றாகப் போனது, இரண்டாம் வாரம் மறந்துவிட்டார்கள். மழையில் லொறிகள் பிந்தி வந்த ஒரு காலை, அந்த ஹட்டன் தம்பி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே கேட்டார்: “சேர், பழசு எண்டு சொன்னது மூலையில கிடக்கிறதா, போன மாசம் வந்ததா?”

கொப்பியில் அதற்கு ஒரு தனிக் கோடு போட்டேன்.