118-ஆம் தனிமத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

தக்கலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். 118-ஆம் தனிமமான ஓகனெசானை நான் மணவாளக்குறிச்சி மணலில் இருந்துதான் தொடங்குவேன். அங்குள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறது என்பது இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தோரியத்தின் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சுமார் 1400 கோடி ஆண்டு என்று பலகையில் எழுதுங்கள். பக்கத்திலேயே ஓகனெசான்-294: ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. வகுப்பு தானாக நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் கணக்கு. கலிபோர்னியத்தின் மீது கால்சியத்தை மோதவிட்டுத்தான் ஓகனெசானை உருவாக்குகிறார்கள். இதை நீங்கள் போடாதீர்கள். "மக்களே, கலிபோர்னியம் 98, கால்சியம் 20, கூட்டுங்க" என்று விட்டுவிடுங்கள். அணு எண் 118 வரும். நிறை எண் 249-உம் 48-உம் சேர்ந்தால் 297. மூன்று நியூட்ரான் வெளியேற, 294. சாதாரண கால்சியம்-40 ஏன் கூடாது என்று யாராவது கேட்டால் அன்றைய பாடம் வெற்றி. கனமான அணுக்கரு நிலைக்கக் கூடுதல் நியூட்ரான் வேண்டும். கால்சியம்-48இல் அது எட்டு அதிகம்.

ஆல்பா சிதைவையும் (ஒவ்வொரு முறையும் இரண்டு புரோட்டான் வெளியேறும்) அவர்களே எழுதட்டும்: 118, 116, 114. ரஷ்யாவின் தூப்னாவில் 2002-இல் இந்தத் தடத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 2016-இல் அங்குள்ள இயற்பியலாளர் யூரி ஓகனேசியன் பெயரைச் சூட்டினார்கள்.

பண்புகளைச் சொல்லும்போது கவனம். கிடைத்த அணுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாரும் அதன் நிறத்தைப் பார்த்ததில்லை. மந்த வாயுக்களின் 18-ஆம் தொகுதியில் இருந்தாலும் அறை வெப்பத்தில் திண்மமாக இருக்கும் என்பது கணிப்பு மட்டுமே. "கணிப்பு" என்று நோட்டில் அடிக்கோடிடச் சொல்லுங்கள்.