புதையல் பொன் பாதி விலைக்கு வந்தால் செய்ய வேண்டியவை

கடைக்கால் தோண்டும்போது கிடைத்ததாகச் சொல்லி, மண் ஒட்டிய காசுமாலையையோ பொற்காசுக் குவியலையோ பாதி விலைக்குத் தர ஒருவர் முன்வந்தால், அவர் ஏன் உங்களைத் தேடி வந்தார் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கும்போது, அவற்றைக் கடந்து ஓய்வுபெற்ற ஆசிரியரையோ மளிகைக்கடைக்காரரையோ நாடுவதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். "கடைக்குப் போனால் போலீசுக்குத் தெரிந்துவிடும்" என்பது வழக்கமான பதில். அது பொய்யானால் உங்களுக்குக் கிடைப்பது பித்தளை. மெய்யானால் நீங்கள் ஒரு குற்றத்தில் பங்காளி.

நம் மண்ணில் பொன் கிடைப்பது கட்டுக்கதையன்று. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. 2020-இல் திருவானைக்காவல் கோயிலில் 505 பொற்காசுகள் வெளிப்பட்டன. கேட்பவர் மனத்தில் ஆசை வேர்விடுவது இந்த உண்மையின் மேல்தான்.

ஏமாற்றின் உயிர்நாடி மாதிரி கொடுப்பதில் இருக்கிறது. விற்பவர் மாலையிலிருந்து இரண்டு மணிகளைப் பிய்த்துக் கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். ஆசாரி உரைகல்லில் உரைத்து அமிலம் விட்டுப் பார்த்து, நல்ல மாற்று என்று சொல்வார். அவர் சொல்வது சரிதான், அந்த இரண்டு மணிகளும் தங்கமே. சோதித்த பொருள் வேறு, பணம் கொடுத்து வாங்கப்போகும் பொருள் வேறு என்பதால், விற்பவர் தேர்ந்து கொடுக்கும் எதையும் சோதித்துப் பயனில்லை. முழுப் பொருளையும் கொண்டுவரச் சொன்னாலும், உரைகல் காட்டுவது மேற்பரப்பை மட்டுமே. கனமான முலாம் அதையும் ஏய்த்துவிடும். திண்மமான காசுகளாக இருந்தால் எடையும் நீரும் உதவும்: 100 கிராம் 22 காரட் தங்கம் ஏறத்தாழ 6 மில்லிலிட்டர் நீரை இடம்பெயர்க்கும், அதே எடையுள்ள பித்தளையோ 12 மில்லிலிட்டர் அளவுக்கு இடம்பெயர்க்கும். உள்ளே அரக்கு நிரப்பிய மணிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

இருப்பினும், தங்கம் என்று உறுதியான பின்பும் வாங்காதீர்கள். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. உரிமை கோருவோர் இல்லையென முடிவாகி, வேறு உடன்பாடும் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்கு உரியவருக்குக் கால் பங்கும் சேரும். அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும். ஆகவே, மெய்யாகவே புதையல் எடுத்தவருக்குப் பாதி விலைக்கு விற்க வேண்டிய அவசியமே இல்லை. இதை அவரிடமே சொல்லி, ஆட்சியர் அலுவலகத்துக்கு உடன் வருவதாகக் கூறுங்கள். ஏமாற்ற வந்தவர் பெரும்பாலும் அதன் பிறகு வரமாட்டார்.

பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வெட்கத்தால் நாளைக் கடத்தாமல் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதற்கான ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். வாங்கிய பொருளை உருக்காமலும் கழுவாமலும் அப்படியே ஒப்படையுங்கள். அவர் அழைத்த எண்களையும், சந்தித்த இடத்தையும் நேரத்தையும், உடன் வந்தவர்களின் அடையாளங்களையும் நினைவு மங்குவதற்குள் குறித்துப் புகாரோடு இணையுங்கள்.