ஹெஸ்ஸே இளவரசர் பிலிப்பின் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மானிய இளவரசர் பிலிப் என்றதும் பலருக்கு எலிசபெத் மகாராணியின் கணவர்தான் நினைவுக்கு வருகிறார். இவர் அவரல்லர். 1896 நவம்பர் 6 அன்று ஆஃபன்பாக் அருகே ரும்பன்ஹைம் மாளிகையில் பிறந்து, 1980 அக்டோபர் 25 அன்று ரோமில் காலமான ஹெஸ்ஸே இளவரசர் இவர். இருவருக்கும் உறவு உண்டு என்பதுதான் குழப்பத்தை வளர்க்கிறது. இவருடைய தம்பி கிறிஸ்டோஃப் 1930இல் மணந்த சோஃபி, எலிசபெத்தின் கணவரான எடின்பரோ கோமகனின் அக்கா. ஆக, அந்தக் கோமகன் இவருக்குத் தம்பி மனைவியின் தம்பி. இதை எழுதி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினால் பாதித் தடுமாற்றம் தீர்ந்துவிடும்.

மீதித் தடுமாற்றம் ஹெஸ்ஸே என்ற பெயரால் வருகிறது. ஜெர்மனியின் அந்த அரச குலத்தில் இரண்டு கிளைகள் இருந்தன. பிலிப் பிறந்த காசல் கிளையின் நாட்டை 1866இலேயே பிரஷ்யா விழுங்கிவிட்டது. டார்ம்ஸ்டாட் கிளை 1918 வரை ஆட்சியில் இருந்தது. ரஷ்யாவின் கடைசிப் பேரரசி அலெக்ஸாண்ட்ரா அந்த வீட்டுப் பெண். சோஃபியின் அக்கா செசிலி மணந்ததும் டார்ம்ஸ்டாட் கிளையின் கேயோர்க் டோனாடுஸைத்தான். 1937 நவம்பர் 16 அன்று, மைத்துனர் லுட்விக்கின் திருமணத்துக்காக லண்டனுக்குப் பறந்தபோது, ஆஸ்டெண்ட் அருகே விமானம் விழுந்து செசிலி, கணவர், இரு மகன்கள், மாமியார் என அனைவரும் மாண்டார்கள். இந்தத் துயரத்தைப் பிலிப்பின் வீட்டு நிகழ்வாக எழுதிவிடக் கூடாது. அவருடைய வீட்டின் இழப்புகள் வேறு: அண்ணன்மார் இருவரும் முதல் உலகப் போரில், ஒருவர் 1914இலும் மற்றவர் 1916இலும், உயிரிழந்தார்கள். கிறிஸ்டோஃப் 1943 அக்டோபரில் இத்தாலியில் விமான விபத்தில் இறந்தார்.

தந்தை ஃபிரீட்ரிக் கார்லை 'பின்லாந்தை ஆண்ட மன்னர்' என்பதும் தவறு. 1918 அக்டோபர் 9 அன்று பின்லாந்து நாடாளுமன்றம் அவரை மன்னராகத் தேர்ந்தெடுத்தது. ஒரு மாதத்தில் ஜெர்மனி போரில் தோற்றது. டிசம்பர் 14 அன்று அவர் விலகிக்கொண்டார். முடிசூட்டு விழாவே நடக்கவில்லை.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை: உறவுமுறையிலிருந்து அரசியலை ஊகிப்பது. பிலிப்பின் தாய் மார்கரெட், ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்மின் தங்கை. அதாவது கைசர் இவருக்குத் தாய்மாமன். விக்டோரியா மகாராணி கொள்ளுப்பாட்டி. 1925இல் ரக்கோனிஜி அரண்மனையில் இவர் மணந்த மஃபால்டா, இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேலின் மகள். இப்படிப்பட்ட குலத்தில் வந்தவர் நாஜிகளை ஒதுக்கியே வைத்திருப்பார் என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. அவர் 1930இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்குடன் கொண்ட நட்பால் 1933இல் ஹெஸ்ஸே-நாசாவ் மாகாணத்தின் தலைமை நிர்வாகியானார். மாமனார் இத்தாலிய மன்னர் என்பதால் ஹிட்லருக்கும் முசோலினிக்கும் இடையே தூது செல்ல அவரே வசதியான ஆள். 1938 மார்ச் 11 இரவு, ஆஸ்திரியாவுக்குள் ஜெர்மன் படை நுழைவதை முசோலினி எதிர்க்கமாட்டார் என்று ரோமிலிருந்து ஹிட்லருக்குத் தொலைபேசியில் சொன்னவர் இவர்தான். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஹிட்லர் கட்ட எண்ணிய அருங்காட்சியகத்துக்கு இத்தாலியில் ஓவியங்கள் வாங்கிக் கொடுக்கவும் உதவினார். குலப்பெருமை அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. அதுவே அவரை அந்த ஆட்சிக்குப் பயனுள்ளவராக்கியது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் அறிவித்ததும் ஹிட்லரின் தலைமையகத்திலேயே பிலிப் கைதுசெய்யப்பட்டு, ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். இதை மட்டும் படித்துவிட்டு அவரை நாஜிகளுக்குப் பலியானவர் என்று முடித்துவிடுகிறார்கள். அவருடைய மாகாணத்தில்தான் ஹடமார் இருந்தது. மனநல நோயாளிகளுக்கான அந்த நிலையத்தை உள்துறை அமைச்சகத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் நிர்வாகத் தலைவர் என்ற முறையில் அவர் கையெழுத்து இருக்கிறது. 1941 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை அங்கே நச்சுவாயுவால் கொல்லப்பட்டவர்கள் 10,000க்கும் மேல். போருக்குப் பின் அமெரிக்கர்கள் அவரை 1947 வரை காவலில் வைத்திருந்தது சும்மா இல்லை. முகாமில் அவர் பட்ட துன்பம் உண்மை. அது ஹடமாரில் இறந்தவர்களின் கணக்கில் ஒன்றைக்கூடக் குறைக்காது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத மனமில்லாதவர் இவரைப் பற்றி எழுதாமலிருப்பதே நல்லது.

மஃபால்டாவின் முடிவை மிகுந்த கவனத்தோடு சொல்ல வேண்டும். அவர் நச்சுவாயு அறையில் கொல்லப்படவில்லை, தூக்கிலிடப்படவுமில்லை. தங்கையின் கணவரான பல்கேரிய மன்னர் போரிஸ் 1943 ஆகஸ்டில் இறந்ததால் அந்நாட்டுத் தலைநகர் சோஃபியாவுக்குச் சென்றிருந்தவர், போர்நிறுத்தத்துக்குப் பிறகும் துணிந்து ரோம் திரும்பினார். பிள்ளைகள் சிலர் வத்திக்கானில், பின்னாளில் ஆறாம் பவுல் என்ற பெயரில் போப்பாண்டவரான மொந்தினியின் பாதுகாப்பில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, கணவரோடு பேசலாம் என்ற பொய்யை நம்பி ஜெர்மன் தூதரகத்துக்குப் போனார், அங்கே பிடித்துவிட்டார்கள். புக்கன்வால்ட் முகாமில் 'திருமதி ஃபான் வெபர்' என்ற பொய்ப் பெயரில் அடைத்து வைத்தார்கள். 1944 ஆகஸ்ட் 24 அன்று பக்கத்திலிருந்த ஆயுதத் தொழிற்சாலை மீது நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசியபோது படுகாயமடைந்தார். தாமதமாக நடந்த அறுவையில் கை அகற்றப்பட்டது. சில நாட்களில் இறந்தார். 'குண்டுவீச்சில் பலி' என்று ஒற்றை வரியில் எழுதினால் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

வம்சாவளிப் பட்டியல் போடுவோருக்கு இன்னும் இரண்டு. 1919இல் ஜெர்மன் குடியரசு இயற்றிய வைமர் அரசியலமைப்புக்குப் பின் ஜெர்மனியில் 'இளவரசர்' என்பது சட்டப்படி பதவியன்று, குடும்பப் பெயரின் ஒரு பகுதி. மேலும், பிலிப்பின் மூத்த மகன் மோரிட்ஸை டார்ம்ஸ்டாட் கிளையின் லுட்விக், பிள்ளையில்லாததால், 1960இல் தத்தெடுத்தார். 1968இல் லுட்விக் மறைந்ததும் இரு கிளைகளுக்கும் தலைவரானவர் பிலிப். மோரிட்ஸ் அந்த இடத்துக்கு வந்தது 1980இல்தான். தத்து ஆண்டையும் தலைமை மாறிய ஆண்டையும் ஒன்றாக்கிவிட்டால் நடுவிலுள்ள பன்னிரண்டு ஆண்டுகள் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும்.