சூடு தாங்கும் பிடிதுணியை அழகாகப் பின்னுவது எப்படி?

அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கப் பயன்படும் பிடிதுணி, பின்னல் பழகுவோர் முதலில் கையில் எடுக்கும் சிறு வேலைகளில் ஒன்று. ஒரு சாண் சதுரம்தான் என்பதால் அதைப் பலரும் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் கழுத்துக்குட்டையில் கண்ணிகள், அதாவது ஊசியில் கோக்கும் நூல் வளையங்கள், தளர்ந்தால் அழகு மட்டுமே குறையும். பிடிதுணியில் தளர்ந்தால் விரல் சுடும். ஆகவே தடிமனைக் குறைக்கிற எந்த அலங்காரத்துக்கும் இதில் இடம் தரக் கூடாது. தடிமனைக் கூட்டிக்கொண்டே அழகையும் தருகிற பின்னல்கள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை இங்கே முழுமையாகப் பார்ப்போம்.

முதலில் நூல். பருத்தி நூலோ கம்பளி நூலோ மட்டுமே இதற்கு ஏற்றது. அக்ரிலிக், பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழைகள் சூட்டில் இளகி உருகக்கூடியவை. உருகிய இழை தோலில் ஒட்டிக்கொண்டால் வெறும் சூட்டைவிடக் கடுமையான புண்ணை உண்டாக்கும். மினுமினுக்கும் ஜரிகை நூலையும், பிளாஸ்டிக் மணிகளையும், பொத்தான்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். பருத்தி உருகாது, அடிக்கடி துவைத்தாலும் உழைக்கும். கம்பளி எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் சுடரை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும்.

வீட்டில் மீந்து கிடக்கும் நூல் எந்த வகை என்று தெரியாவிட்டால், விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் மெல்லிய சாம்பலாகும். கம்பளியில் முடி கருகும் நாற்றம் வரும். நுனியில் உருளும் கரிய மணியை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். செயற்கை இழையோ சுருண்டு உருகி, ஆறிய பின் நசுக்க முடியாத கெட்டி உருண்டையாக நிற்கும். கலப்பு நூலில் இந்த அடையாளங்கள் கலந்தே வரும். அப்படிப்பட்ட நூலை வேறு வேலைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

பின்னல் சூட்டைத் தடுப்பதற்கு இழைகளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்றே முக்கியக் காரணம். எல்லா வரிசைகளையும் நிட் கண்ணியாகவே (நூலைப் பின்னால் வைத்துப் பின்னும் அடிப்படைக் கண்ணி) பின்னும் கார்ட்டர் பின்னலில் இருபுறமும் மேடும் பள்ளமுமாக வரம்புகள் எழுவதால், அது ஒருபுறம் வழுவழுப்பான ஸ்டாக்கிங் பின்னலைவிடத் தடித்து நிற்கும். ஓரம் சுருளவும் செய்யாது. துளைகள் நிறைந்த லேஸ் பின்னல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூலை, ஒன்று அடர்ந்ததும் மற்றது வெளிறியதுமாக இரண்டு நிறங்களிலும், 4 மி.மீ., 4.5 மி.மீ. ஊசிகளில் ஒவ்வொரு இணையும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறத் துண்டுக்கு 4 மி.மீ. ஊசியில் 33 கண்ணிகள் ஏற்றி, கார்ட்டர் பின்னலாகவே 66 வரிசைகள் பின்னி முடியுங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு வரம்பு எழும். வரம்புகளின் எண்ணிக்கை கண்ணிகளின் எண்ணிக்கைக்குச் சமமானால் துண்டு ஏறத்தாழச் சதுரமாக அமையும். ஆகவே அளவை மாற்ற விரும்புவோருக்கும் கணக்கு எளிது. 18 செ.மீ. பக்கமுள்ள சதுரம் பெரும்பாலான கைகளுக்குப் போதும்.

முன்புறத் துண்டில்தான் அலங்காரம். 4.5 மி.மீ. ஊசியில் அடர் நிறத்தால் 33 கண்ணிகள் ஏற்றி, முதல் இரண்டு வரிசைகளை நிட்டாகப் பின்னுங்கள். மூன்றாம் வரிசையில் வெளிர் நிறத்தைச் சேர்த்து, ஒரு கண்ணி பின்னி, அடுத்த கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு மாற்றி, மீண்டும் ஒன்றைப் பின்னுவதாகக் கடைசி வரை செல்லுங்கள். மாற்றும்போது நூல் துண்டின் பின்னால் இருக்க வேண்டும். நான்காம் வரிசையில் வெளிர் கண்ணிகளை மட்டும் பின்னி, அடர் கண்ணிகளை மறுபடியும் மாற்றுங்கள். இப்போது உங்களை நோக்கியிருப்பது பின்பக்கம் என்பதால் நூலை முன்னால் கொண்டுவந்து மாற்றி, பிறகு பின்னால் தள்ளிப் பின்ன வேண்டும். ஐந்தும் ஆறும் மீண்டும் அடர் நிறத்தில் முழு நிட். ஏழாம் வரிசையில் வெளிர் நிறத்தால் இரண்டு கண்ணி பின்னி, ஒன்றை மாற்றி ஒன்றைப் பின்னிக்கொண்டே வந்து, கடைசிக் கண்ணியையும் பின்னி முடியுங்கள். எட்டாம் வரிசை நான்காவதைப் போன்றது. இந்த எட்டு வரிசைகளும் திரும்பத் திரும்ப வரும்போது அடர் நிறப் புள்ளிகள் ஒன்று விட்டு ஒன்றாக இடம் மாறிப் படரும்.

ஒரு வரிசையில் ஒரு நிறம் மட்டுமே கையில் இருப்பதால் இது தொடக்கநிலையினருக்கும் கைவரும். மாற்றிய கண்ணிகளுக்குப் பின்னே ஓடும் நூல் இரண்டாம் அடுக்காக அமைந்துவிடுகிறது. அதனாலேயே பிடிதுணிக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் குறைவு என்பது என் உறுதியான கருத்து. அந்த ஓட்ட நூலை இழுத்துப் பிடிக்காதீர்கள், துண்டு குறுகிவிடும். வரிசைகளை எண்ணாமல், பின்புறத் துண்டின் உயரம் வந்ததும் நிறுத்துங்கள்.

இரு துண்டுகளையும் துவைத்து, உலர்த்தி, சுருங்க வேண்டியது சுருங்கிய பின்பே இணைக்க வேண்டும். இடையில் பழைய பருத்தித் துவாலையிலிருந்து சற்றுச் சிறிதாக வெட்டிய சதுரத்தை வைத்து, கொக்கி முனையுள்ள குரோஷே ஊசியால் இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒற்றைக் கண்ணியாகச் சுற்றிலும் பின்னுங்கள். மூலைகளில் ஒரே இடத்தில் மூன்று கண்ணிகள் போட்டால் மடங்காமல் திரும்பும். கடைசி மூலையில் 12 சங்கிலிக் கண்ணிகளைப் பின்னி வளைத்துக் கோத்தால் மாட்டுவதற்கான வளையம் கிடைக்கும். அதைவிட நீளமானால் சுடரில் படும் வாய்ப்பு உண்டு, குஞ்சங்களும் அப்படியே. நடுவில் நான்கைந்து இடங்களில் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்துவிட்டால் உள்துணி நகராது.

ஈரப் பிடிதுணியால் சூடான பாத்திரத்தை ஒருபோதும் தொடாதீர்கள். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஈரம் ஆவியாகவும் மாறிக் கையைச் சுடும். அதனால் இரண்டாவது பிடிதுணி ஒன்றையும் பின்னி வைத்துக்கொண்டால், ஒன்று காயும்போது மற்றது உதவும். கருகிய இடமோ, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரியும் மெலிந்த இடமோ தென்பட்டால் அதை அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள்.