சிறு தோட்டத்துக்கு முதல் பழைய மினி டிராக்டர் வாங்குவது எப்படி?

மூன்று ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பழைய மினி டிராக்டர் வாங்கப் புறப்பட்டால், முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த வருட மாடல், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?" என்பதாகவே இருக்கும். இரண்டும் கேட்க வேண்டியவைதாம். ஆனால் தென்னந்தோப்பில் களை ஓட்டி ஆயிரம் மணி நேரம் கண்ட வண்டியும், நெல் வயலில் தொழி (தண்ணீர் தேங்கிய சேறு) உழுது அதே ஆயிரம் மணி நேரம் கண்ட வண்டியும் ஒரே தேய்மானத்தில் இருக்காது. செங்கல் சூளைக்கு மண் இழுத்த வண்டியின் கதை இன்னும் வேறு. வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவேண்டிய நிலை வராது. நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்தைச் சேர்ந்தவன் என்பதால் எடுத்துக்காட்டுகளும் இந்தப் பகுதியை ஒட்டியே வரும்.

படி 1: முதலில் தோட்டத்தை அளக்கவும்

ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வரவும். வாயிற்கதவின் அகலம், வண்டிப் பாதையின் ஒடுக்கமான இடம், பயிர் வரிசைகளுக்கு இடையே உள்ள மிகக் குறைந்த இடைவெளி, கடைசி வரிசையில் வண்டியைத் திருப்ப மிச்சமிருக்கும் நிலம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளவும். இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்ட தென்னைக்குள் எந்த டிராக்டரும் போகும். இளங்கன்றுகளின் தாழ்ந்த மட்டை மட்டும்தான் தடை. ஆறடி இடைவெளி வாழைக்குள் அப்படி இல்லை. வண்டியின் அகலத்தோடு இரு பக்கமும் அரை அடியாவது கூடுதலாக இருந்தால்தான் கிழங்கையும் கன்றையும் மிதிக்காமல் ஓட்ட முடியும். பின்சக்கரங்களின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி பல மினி டிராக்டர்களில் உண்டு. ஆனால் விற்பனைத் தாளில் உள்ள எண்ணை நம்பாமல், வண்டி நிற்கும் நிலையிலேயே டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நாமே அளந்து பார்ப்பதுதான் சரி.

நிலம் ஒரு ஏக்கருக்கும் குறைவாக இருந்தால் டிராக்டரே வேண்டியதில்லை என்பது என் கருத்து. பவர் டில்லர் போதும். அதுவும் வேண்டாமென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டியை உழவன் செயலி வழியாக வாடகைக்கு முன்பதிவு செய்துகொள்ளலாம்.

படி 2: குதிரைத்திறனைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கவும்

நான்கடி அகல ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், காகிதக் கணக்கில் மணிக்கு ஏறக்குறைய 3,600 சதுர மீட்டர் உழ வேண்டும். திருப்பத்துக்கும், முந்தைய சாலின் விளிம்பில் மறுபடி ஏறி ஓடுவதற்கும் கால் பங்கைக் கழித்தால் 2,700 சதுர மீட்டர் மிஞ்சும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால் ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்றடி ரோட்டவேட்டரை மணிக்கு இரண்டரை கிலோமீட்டரில் ஓட்டினால் அதே ஏக்கருக்கு இரண்டேகால் மணிக்கு மேல் பிடிக்கும். நான்கடி ரோட்டவேட்டரை ஈரம் காய்ந்த செம்மண்ணில் திணறாமல் சுழற்ற 24 குதிரைத்திறனுக்கு அருகிலாவது வேண்டும். மூன்றடிக்கு 15 முதல் 20 வரை போதும்.

சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் வண்டிகளில் மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 ஆகிய இரண்டும் 15 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். எளிய அமைப்பு, எளிய பழுதுபார்ப்பு. ஆனால் அதிர்வு அதிகம் என்பதால் போல்ட் தளர்வதையும் தகடு விரிசல் விடுவதையும் கூர்ந்து பார்க்க வேண்டும். வி.எஸ்.டி. சக்தி எம்.டி. 180டி, 21 குதிரைத்திறன் குபோட்டா நியோஸ்டார் ஏ211என் ஆகியவை மூன்று சிலிண்டர் வண்டிகள்; ஓட்டம் மென்மையாக இருக்கும். 24 குதிரைத்திறன் மஹிந்திரா ஜீவோ 245, 28 குதிரைத்திறன் ஜான் டீர் 3028இஎன் ஆகியவை இவற்றுக்கு அடுத்த நிலை. இவற்றுள் எது சிறந்தது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் தரும் பதில் ஒன்றே: உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் எந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட்டும், அதை மாட்டத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்களோ, அதுவே உங்களுக்குச் சிறந்தது.

படி 3: புது வண்டியின் இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளவும்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்பு புது வண்டி வாங்கியவர் தாம் கொடுத்த விலையை மனத்தில் வைத்தே பழைய வண்டிக்கு விலை சொல்வார். அது இயல்புதான், ஆனால் அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. அதே மாடலின் இன்றைய விலையை விற்பனை நிலையத்தில் கேட்டு எழுதிக்கொண்டு போகவும். அதோடு, விலையில் ரோட்டவேட்டரும் ஐந்து கொத்துக் கலப்பையும் சேருமா என்பதைத் தொலைபேசியிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளவும். கருவி இல்லாத வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டுக் கருவிக்குத் தனியாகக் கடன் வாங்குபவர்கள் நிறையப் பேர்.

படி 4: இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கவும்

"நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலை வேளையில் போவது நல்லது. போனதும் முதல் வேலையாகப் பானெட்டைத் தூக்கிச் சைலன்சர் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கவும். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியை நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். தேநீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருவதில் நமக்கு ஒரு நட்டமும் இல்லை.

ஆறிய இன்ஜின் ஓரிரு சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் வரும் சிறிது வெண்புகை அடங்கிவிட்டால் கவலை இல்லை. சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். சுமை இல்லாமலேயே கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது டீசலைப் பீய்ச்சும் நாசிலில் கோளாறு இருக்கலாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையைப் பிடிக்கவும்: லேசான காற்று படுவது இயல்பு, இன்ஜினின் ஒவ்வொரு அடிக்கும் புகை குப்குப்பென்று கையை உதைத்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, அடுத்து இன்ஜின் வேலைதான்.

மணி மீட்டரைப் பற்றி ஒரு சொல். பழைய இயந்திர மீட்டர்கள் இன்ஜின் தன் நிர்ணய வேகத்தில் சுற்றினால் மட்டுமே ஒரு மணி நேரத்தை முழு மணி நேரமாகக் காட்டும். கேபிளைக் கழற்றிவிட்டால் எதையும் காட்டாது. கிளட்ச் மிதியின் ரப்பர், ஸ்டியரிங் வளையத்தின் மேற்புறம், இருக்கை ஆகியவை வழவழப்பாகத் தேய்ந்திருக்க, மீட்டர் 400 என்று காட்டினால் மிதியை நம்பவும்.

படி 5: வண்டி பார்த்த வேலையைப் படிக்கவும்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான்.

டயரிலிருந்து தொடங்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1419 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வண்டியோடு வந்த டயரா, பிறகு மாற்றியதா என்பது இதில் தெரிந்துவிடும். வயலில் மட்டுமே ஓடிய டயரின் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர் மேடு) மெதுவாகத்தான் தேயும். தார்ச்சாலையில் சுமை இழுத்த டயரின் பட்டன் நடுப்பகுதியில் வேகமாகத் தேய்ந்து தட்டையாகியிருக்கும். அப்படிக் கண்டால் உடனே பின்னால் போய் டிரெய்லர் மாட்டும் கொக்கியின் துளையைப் பார்க்கவும். வட்டத் துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்த வண்டி மண்ணோ கல்லோ தண்ணீர்த் தொட்டியோ இழுத்தே பிழைத்திருக்கிறது; கிளட்சுக்கும் பிரேக்குக்கும் செலவு வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

தோப்பில் ஓடிய வண்டியை அடையாளம் காண்பது எளிது. பானெட்டிலும் விளக்கிலும் மட்டை உரசிய கீறல்கள் இருக்கும், மட்கார்டு நெளிந்திருக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்த அசிங்கம் விலையைக் குறைக்கும். உள்ளே ஒன்றும் கெட்டிருக்காது. முதன்முறை வாங்குபவருக்கு என் பரிந்துரை இத்தகைய வண்டிதான்.

தொழி உழுத வண்டியில்தான் ஏமாற்றம் அதிகம், ஏனென்றால் அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பெயின்ட் அடித்துவிட்டால் புதிது போல மின்னும். எங்கள் பகுதியில் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல் பயிராகிறது. அங்கிருந்து மேட்டுப்பக்கத் தோட்டங்களுக்கு வண்டிகள் கைமாறுவது வழக்கம். பின்சக்கர ரிம்மில் கேஜ் வீல் (சேற்றில் புதையாமல் இருக்க மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) உரசிய தடம், கால்மிதித் தகட்டுக்கு அடியில் உளியால் பெயர்க்க வேண்டிய அளவு இறுகிய சேறு, போல்ட் தலைகளைச் சுற்றித் துரு ஆகியவை அதன் அடையாளங்கள். சேறு சக்கர அச்சின் ஆயில் சீலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். சீலின் விலை சொற்பம். உள்ளே போன நீர் பேரிங்கையும் பற்சக்கரத்தையும் தின்றுவிடும்.

நான் முதலில் வாங்கிய, முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் நான்கு சக்கர இழுவை (4WD) வண்டியில் இதைச் சோதிக்கத் தவறினேன். இன்ஜின் ஆயிலைப் பார்த்தேன், பொன்னிறமாக இருந்தது; அதோடு திருப்தியடைந்துவிட்டேன். இரண்டாவது மாதம் முன்பக்கத்தில் அரைக்கும் சத்தம் கேட்டு, முன்சக்கரத்தின் உட்புறம் கீழே உள்ள வடிகால் போல்ட்டை மெக்கானிக் தளர்த்தியபோது, ஆயிலுக்கு முன்னால் ஒரு டம்ளர் அளவுக்குச் சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீர் வந்தது. ஆயில் என்று பின்னால் வந்தது காபியில் பால் அதிகமான நிறத்தில் இருந்தது. அந்தப் போகம் முழுவதும் வண்டி கொட்டகையில் நின்றது.

ஆகவே, விற்பவரின் அனுமதியோடு ஒரு ஸ்பேனரும் பழைய தட்டும் எடுத்துக்கொண்டு, இரவு முழுவதும் நின்ற வண்டியின் கியர் பெட்டி, நான்கு சக்கர இழுவையானால் முன் அச்சு ஆகியவற்றின் வடிகால் போல்ட்டுகளைக் கால் சுற்று மட்டும் தளர்த்தவும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். இருந்தால் முதல் சில சொட்டுகளிலேயே வெளிவந்துவிடும். அனுமதி மறுத்தால் காரணம் கேட்கவும். இன்ஜின் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பால் கலந்தது போன்ற நிறமோ, ரேடியேட்டர் மூடிக்கு அடியில் எண்ணெய்ப் படலமோ தென்பட்டால், மேற்கொண்டு பேசாமல் வணக்கம் சொல்லிவிட்டு வரலாம். ரேடியேட்டர் மூடியை ஆறிய நிலையில் மட்டுமே திறக்க வேண்டும்.

படி 6: சுமை ஏற்றி ஓட்டிப் பார்க்கவும்

வெறும் வண்டியைச் சாலையில் ஓட்டிக் காட்டுவது எதற்கும் பயன்படாது. ரோட்டவேட்டரை மாட்டி லிப்ட்டை முழு உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கவும். கருவி கண்ணெதிரே இறங்கினால் ஹைட்ராலிக்கில் உள்கசிவு இருக்கிறது. காத்திருக்கும்போது தூக்கிய கருவிக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

அடுத்து, இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. அச்சைப் பொருத்தி, நிமிடத்துக்கு 540 சுற்றில் ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கவும். இன்ஜின் சத்தம் உயர்ந்தும் வண்டி மெதுவானால் கிளட்ச் வழுக்குகிறது. ஒவ்வொரு கியரிலும் சிறிது தூரம் ஓட்டி, தானாக நழுவுகிறதா என்று பார்க்கவும். இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியே மிதித்து, இரண்டும் ஒரே அளவில் பிடிக்கின்றனவா என்று சோதிக்கவும். ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் வண்டி வரப்பில் இறங்கும்போது கவிழ்த்துவிடும். கடைசியாக முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) ஆகியவற்றின் தேய்மானம் கைக்குத் தெரியும்.

படி 7: ஆவணங்களைச் சரிபார்க்கவும்

சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துணியால் துடைத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவும். ஆர்.சி.யில் வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் கடன் பதிவாக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப்பணத்தையும் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அந்தக் காலம் முடியும் தறுவாயில் உள்ள வண்டியென்றால் புதுப்பிக்கும் செலவை விலையில் கழித்துக்கொள்ளவும். மானியத்தில் வாங்கிய வண்டியா, விற்பதற்கு நிபந்தனை ஏதும் உண்டா என்றும் கேட்கவும். சாலையில் ஒரு நாள் ஏறினாலும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

படி 8: வாங்கிய வாரத்திலேயே செய்ய வேண்டியவை

"போன மாதம்தான் சர்வீஸ் செய்தேன்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு, இன்ஜின், கியர் பெட்டி, நான்கு சக்கர இழுவையானால் முன் அச்சு ஆகியவற்றில் ஆயிலை மாற்றவும். டீசல், ஆயில், ஏர் ஃபில்டர்களையும் மாற்றவும். பழைய ஆயிலை வடிக்கும்போது வடிகால் போல்ட்டின் முனையைத் துடைத்துப் பார்க்கவும்: காந்தமுள்ள போல்ட்டில் மெல்லிய கருமைப் பசை ஒட்டியிருப்பது இயல்பு, நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு உலோகச் சில்லு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எல்லா நிப்பிள்களிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை புதுக் கிரீஸ் அடிக்கவும். முதல் நாள் உழவு முடிந்ததும் சக்கர நட்டுகளை ஒரு முறை இறுக்கிவிட்டு, இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்கவும். காலையில் அதில் சொட்டு விழுந்திருந்தால், எந்த இடத்துக்கு நேர் கீழே என்று பேனாவால் குறித்துக்கொண்டு அங்கிருந்து மேல்நோக்கித் தேடத் தொடங்கலாம்.