முதலில் தண்ணீர், அப்புறம் ஃபில்டர், கடைசியில்தான் மீன்

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகள் பக்கம் போனால் பார்க்கலாம். தொட்டி, கூழாங்கல், பம்ப், மீன் எல்லாவற்றையும் ஒரே பொழுதில் வாங்கிக்கொண்டு, பையில் மீன் குலுங்கக் குலுங்க வண்டியில் போவார்கள். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மற்றதெல்லாம் இன்றைக்கே வாங்குங்கள், மீனை மட்டும் ஒரு மாதம் கழித்து வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாகும். அது செவுளை அரித்துவிடும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதை மீன் ஓரளவு தாங்கும். இந்த இரண்டு வகையும் ஃபில்டர் பஞ்சில் குடியேற 3 முதல் 6 வாரம் ஆகும். நம் ஊர்த் தண்ணீரில் இதை அலட்சியமாக விடவே முடியாது. வெப்பமும் பிஎச்சும் (தண்ணீரின் அமில, காரத்தன்மையின் அளவு) ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும். நம் ஊரில் வெப்பம் அதிகம், போர் தண்ணீரில் பிஎச்சும் அதிகமாக இருக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 2 அடி தொட்டி நல்லது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 56 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். கல்லோடு சேர்த்து 60 கிலோவுக்கு மேல் எடை வரும் என்பதால் ஆடாத மேஜையில், அடியில் தெர்மாகோல் விரித்து வையுங்கள். சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் அது கெடுவதும் வேகமாக நடக்கும்.

இந்த அளவுக்கு என் தேர்வு ஸ்பான்ஜ் ஃபில்டர். ஏர் பம்ப் தள்ளும் காற்று பஞ்சு வழியாகத் தண்ணீரை இழுக்கும், கூடவே மேல்தண்ணீரைக் கலக்கிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் இந்தக் கலக்கல் ரொம்ப முக்கியம். குஞ்சு மீனை இழுத்துக்கொள்ளாது, விலையும் குறைவு. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி பம்புக்குள் போய்விடும். மோட்டார் வைத்த ஃபில்டர்தான் வேண்டும் என்றால், மணிக்குத் தொட்டி அளவைப் போல் 4, 5 மடங்கு தண்ணீர் தள்ளுவதாகப் பாருங்கள். கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் ஃபில்டர்) பெரிய தொட்டிக்கு நல்லதுதான். ஆனால் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் மூடிக் கிடந்தால் உள்ளே பாக்டீரியா செத்து நாறும். மறுபடி ஓட்டும் முன் திறந்து அலசியே ஆக வேண்டும்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குளோரின் இருந்தால் ஆன்டி-குளோரின் சொட்டு விட்டு, ஃபில்டரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் உங்கள் பஞ்சை அவர் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் ஓடவிட்டு எடுத்து வாருங்கள், வேலை பாதியாகிவிடும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் முதலில் ஏறிய அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு மீன் வாங்கக் கிளம்பலாம்.

எந்த மீன் என்பதை உங்கள் குழாய்த் தண்ணீரே சொல்லிவிடும். எங்கள் பெரம்பூர் வீட்டுத் தண்ணீர் மாதிரி உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடினத் தண்ணீர்தான் இவற்றுக்குப் பிடிக்கும். கப்பியில் ஆண்களை மட்டும் எட்டு வாங்கினால் குஞ்சுப் பெருக்கம் இருக்காது, நிறமும் கொள்ளை அழகு. ஜீப்ரா டானியோ நம் இந்தியத் துணைக்கண்டத்து மீன். குறைந்தது ஆறு சேர்ந்து இருந்தால்தான் சந்தோஷமாக ஓடும். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்தண்ணீர் மீன், அதை விட்டுவிடுங்கள். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம், 2 அடி தொட்டி அதற்குப் போதாது. ஃபைட்டர் மீனில் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் போடவே கூடாது. தொட்டி சுத்தமாகும் என்று சக்கர் மீனைக் கையில் திணிப்பார்கள். அது மற்ற மீனின் கழிவைத் தின்னாது, ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததை ஏரியில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது பெருகி நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடிக்கும், மீனவர் வலையைக் கிழிக்கும்.

கடையில் அவசரப்படாதீர்கள். கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும் மீன், மேல்மட்டத்தில் வாய் திறந்து மூச்சு வாங்கும் மீன், உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி உள்ள மீன், இதில் ஒன்று இருந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் வாங்க வேண்டாம். கடைக்காரரைக் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்னும் மீனை எடுங்கள்.

வீட்டில் பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முதலில் நாலு மீன் போதும். இரண்டு வாரம் கழித்து அம்மோனியா பூஜ்யமாகவே இருந்தால் மிச்சம்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். அப்படி எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து, பஞ்சை அதிலேயே அமுக்கி அமுக்கிப் பிழியுங்கள். பழுப்பாக அழுக்கு இறங்கும். பஞ்சு கொஞ்சம் கறையோடு இருந்தால் பரவாயில்லை. குழாயடியில், குளோரின் தண்ணீரில் வெள்ளையாகும்வரை கழுவினால் ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.